தண்ணீர் பீய்ச்சாமல் கார் கழுவுவது: வாட்டர்லெஸ், ரின்ஸ்லெஸ் லிக்விடுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலிலும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் போய் கார் டீட்டெயிலிங் செய்பவர்களுக்கான பக்கம் இது. சென்னை, கோவை போன்ற ஊர்களின் தூசி, வெயில், போர் தண்ணீர் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டது.

வாட்டர்லெஸ்ஸுக்கும் ரின்ஸ்லெஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

வாட்டர்லெஸ் என்றால் ஸ்பிரே பாட்டிலில் இருக்கும் லிக்விடை பெயின்ட் மீது தெளித்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுப்பது. பக்கெட் கிடையாது. ஒரு காருக்கு அரை லிட்டருக்குள் முடிந்துவிடும்.

ரின்ஸ்லெஸ்ஸுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் வேண்டும். 8 முதல் 10 லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் லிக்விடைக் கலந்து, அதில் ஊறிய துணியால் கழுவி, அப்படியே துடைத்துக் காயவைப்பது. மேலே தண்ணீர் ஊற்றி அலச வேண்டியதில்லை.

இரண்டிலும் அழுக்கைப் போக்குவது வழுக்கும் தன்மைதான். லிக்விடில் உள்ள சர்ஃபாக்டன்டும் பாலிமரும் தூசித் துகளைச் சூழ்ந்துகொண்டு, அது பெயின்ட்டில் உரசாமல் துணிக்குள் ஏற வழிசெய்கின்றன. பெயின்ட்டின் மேலே நிறமில்லாத பூச்சாக இருக்கும் கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலான கார்களில் 50 மைக்ரானுக்குள்தான். மணல் துகள் ஒன்று அதில் இழுபட்டாலே கோடு விழும். ஆகவே ஒரு லிக்விடின் தரத்தை அதன் வாசனையையோ பளபளப்பையோ வைத்துப் பார்க்காதீர்கள். எவ்வளவு வழுக்குகிறது, எவ்வளவு நேரம் காயாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

வண்டியில் ஒரே ஒரு லிக்விட்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதை வாங்குவது?

மெழுகு சேராத ரின்ஸ்லெஸ் கான்சென்ட்ரேட், அதாவது தண்ணீர் கலக்காத கெட்டி லிக்விட். வேறு யோசனையே வேண்டாம். பக்கெட்டில் கலந்தால் ரின்ஸ்லெஸ், கெட்டியாகக் கலந்தால் வாட்டர்லெஸ், நடுத்தரமாகக் கலந்தால், பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் கட்டியை, அதாவது கிளே பாரைத் தேய்க்கும்போது வழுக்கலுக்கு. ஒரே பாட்டில் மூன்று வேலை செய்யும். ரெடிமேட் வாட்டர்லெஸ் ஸ்பிரே வாங்கினால் அது ஒரு வேலைதான் செய்யும். அதோடு தண்ணீரையும் காசு கொடுத்து வாங்கிச் சுமக்கிறீர்கள்.

எந்த அழுக்குக்கு எது பொருந்தும்? எந்தக் காரைத் தொடவே கூடாது?

தேர்வு இங்கேதான் தொடங்க வேண்டும். பிராண்ட் எல்லாம் பிறகு.

பார்க்கிங்கில் நின்று இரண்டு மூன்று நாள் மெல்லிய தூசி மட்டும் படிந்த கார், வாரம் ஒருமுறை உங்கள் கைக்கு வரும் கார், கண்காட்சிக்கோ டெலிவரிக்கோ நிற்கும் புது கார்: இவற்றுக்கு வாட்டர்லெஸ் போதும். விரலால் பானெட்டில் தொட்டுப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் சரி. நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் வாட்டர்லெஸ்ஸை வண்டியிலேயே வைத்துவிட்டு பக்கெட்டை எடுங்கள்.

வழக்கமாக ஓடும் காரின் ஒரு வார, இரண்டு வார அழுக்குக்கு ரின்ஸ்லெஸ். மழையில் நனைந்து காய்ந்த திட்டுகள், நெடுஞ்சாலைத் தூசி, லேசான சேற்றுத் தெறிப்பு எல்லாம் அதில் அடங்கும். முன்கூட்டியே லிக்விட் தெளித்து ஊறவைப்பது கட்டாயம்.

மூன்றாவது வகை, இரண்டுக்குமே பொருந்தாத கார். சக்கர வளைவிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் செம்மண் சேறு கெட்டியாக அப்பியிருப்பது, கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று சிமென்ட் தூசி படிந்தது, கடற்கரை மணல் ஒட்டியது. இவற்றை முதலில் பிரஷர் வாஷரால் அடித்து இறக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், "முதலில் வாட்டர் வாஷ் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவதே நல்லது. அன்றைய கூலி போனாலும், கோடு விழுந்த பானெட்டுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுக்கும் செலவு மிஞ்சும். சிமென்ட் தூசியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: இரவுப் பனி பட்டாலே அது இறுக ஆரம்பிக்கும். அதைத் துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

1:256, 1:16 என்று போட்டிருக்கிறார்களே, மில்லியில் எவ்வளவு?

1:256 என்றால் ஒரு பங்கு லிக்விடுக்கு 256 பங்கு தண்ணீர். ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்ற லிக்விடுகளுக்குப் பக்கெட் அளவு இதுதான். 10 லிட்டர் பக்கெட்டுக்கு 40 மில்லி, 8 லிட்டருக்கு 31 மில்லி, ஒரு லிட்டர் ஸ்பிரேயருக்கு 4 மில்லி.

1:64 கிளே பார் தேய்க்க. அரை லிட்டர் பாட்டிலுக்கு 8 மில்லி.

1:16 வாட்டர்லெஸ்ஸாகப் பயன்படுத்த. அரை லிட்டர் பாட்டிலில் 30 மில்லி லிக்விட், மீதி தண்ணீர்.

இவை பரவலாக உள்ள அளவுகள். உங்கள் பாட்டிலின் லேபிளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள். பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு லிக்விட். மாற்றிச் செய்தால் நுரை பொங்கி அளவு தப்பும்.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் இன்னும் நன்றாகக் கழுவுமா?

கழுவாது, கறை விடும். அலசாமல் விடுவதால் லிக்விடில் உள்ள எல்லாமே பெயின்ட்டில்தான் தங்கும். பக்கெட்டில் 40 மில்லிக்குப் பதில் 100 மில்லி ஊற்றினால் துடைக்கும்போது துணி இழுக்கும், கறுப்பு நிறக் காரில் வெயில் பட்டதும் எண்ணெய் பூசியது போலப் பட்டை பட்டையாகத் தெரியும், மறுநாளே தூசி அதிகமாக ஒட்டும். அழுக்கு அதிகமென்றால் பக்கெட்டின் அளவைக் கூட்டாமல், ஊறவைக்கும் ஸ்பிரேயை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள். அதாவது லிட்டருக்கு 8 மில்லி.

போர் தண்ணீரில் கலக்கலாமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேனா அளவுதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எண் 100-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 300 வரை, ஒவ்வொரு பேனலாகக் கழுவி உடனுக்குடன் துடைத்தால் சமாளிக்கலாம். 500-ஐத் தாண்டினால் வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் (ஐ.எஸ். 10500) விரும்பத்தக்க வரம்பு 500; வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. குடிக்க அனுமதி உள்ள தண்ணீர்கூடப் பெயின்ட்டில் வெள்ளைப் புள்ளி விடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சில ரின்ஸ்லெஸ் லிக்விடுகளில் கடினத்தன்மையைக் கட்டுப்படுத்தும் பொருள் இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துவைக்கும், தண்ணீரிலிருந்து நீக்காது. காய்ந்தால் உப்பு உப்புதான்.

சுலபமான வழி, 20 லிட்டர் கேன் தண்ணீர். ஒரு கேனில் இரண்டு கார் முடியும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் அருமையானது. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு மிகக் குறைவு. தூசியும் பாசியும் கலந்திருக்கும் என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டி, மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரைத் தொடாதீர்கள். வீணாகிறதே என்று பலரும் அதைத்தான் காருக்குப் பிடித்துவைக்கிறார்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

5 லிட்டர் கேனாக வாங்கும் முன் ஒரு லிக்விடை எப்படிச் சோதிப்பது?

சின்ன பாட்டில் வாங்கி, லேபிள் அளவில் கலந்துகொள்ளுங்கள். முதலில் கண்ணாடித் துண்டு ஒன்றில் ஐந்தாறு சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் மெல்லிய மங்கல் இருந்தால், ஈரத் துணியால் ஒரே துடைப்பில் போக வேண்டும். பிசுக்காகவோ வெள்ளை வளையமாகவோ ஒட்டிக்கொண்டால் அந்த லிக்விட் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. அதே கலவையைக் கேன் தண்ணீரிலும் உங்கள் வழக்கமான தண்ணீரிலும் தனித்தனியாகக் கலந்து சொட்டிப் பார்த்தால், குற்றம் லிக்விடிலா தண்ணீரிலா என்பது தெரிந்துவிடும். பலர் நல்ல லிக்விடைத் திட்டுவது தண்ணீர் செய்த தவறுக்காகத்தான்.

அடுத்து கறுப்பு பேனல். பழைய கறுப்பு கதவு ஒன்று ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லிக்விடைத் தெளித்து, துணியை அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். இடையில் துணி தடுக்கினால் வழுக்கல் போதாது. தெளித்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி இழுங்கள். முதல் இழுப்பு எல்லா லிக்விடிலும் நன்றாகத்தான் இருக்கும், இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். பிறகு டார்ச் அடித்துப் பட்டை விழுகிறதா என்று பாருங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களிலும் ரப்பர் பீடிங்கிலும் கொஞ்சம் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் விட்டால் அதில் மெழுகு இருக்கிறது. பி.எச். தாள் இருந்தால் 6 முதல் 8 வரை காட்ட வேண்டும். அதற்கு மேலே போனால், அலசாமல் விடும் வேலைக்கு அது தகுந்ததில்லை.

சாதாரண கார் ஷாம்பூவையோ பாத்திரம் கழுவும் லிக்விடையோ ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிப் பயன்படுத்தலாமா?

கூடாது. நிறைய தண்ணீரில் அலசிப் போவதற்காகச் செய்யப்பட்டவை அவை. அலசாமல் விட்டால் சோப்பு பெயின்ட்டிலேயே காயும். பாத்திர லிக்விட் கூடுதலாக, போட்டிருக்கும் வாக்ஸையும் வலுவிழக்கச் செய்யும். நுரை நிறைய வந்தால் நன்றாக வேலை செய்கிறது என்ற எண்ணத்தை ரின்ஸ்லெஸ்ஸில் விட்டுவிட வேண்டும். நல்ல ரின்ஸ்லெஸ் பக்கெட்டில் நுரையே நிற்காது.

செராமிக் கோட்டிங், பி.பி.எஃப்., மேட் பெயின்ட் உள்ள கார்களுக்கு?

கோட்டிங் போட்ட காரில் மெழுகும் சிலிக்கானும் நிறைந்த வாட்டர்லெஸ்ஸைத் தொடர்ந்து அடித்தால், கோட்டிங்கின் மேல் இன்னொரு படலம் உட்காரும். தண்ணீர் முத்து முத்தாக உருளாது. வாடிக்கையாளர் "கோட்டிங் போய்விட்டது" என்று புகார் சொல்வார். போனது கோட்டிங் இல்லை, அது மூடப்பட்டிருக்கிறது. மெழுகில்லாத ரின்ஸ்லெஸ்தான் சரி.

மேட் பெயின்ட்டில் கிளாஸ், வாக்ஸ், ஷைன் என்று லேபிளில் எழுதியிருக்கும் எதையும் தெளிக்காதீர்கள். ஆங்காங்கே மினுமினுப்புத் திட்டு விழும். அதைப் பாலிஷ் போட்டு எடுக்கவும் வழியில்லை. பி.பி.எஃப்., அதாவது பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிம் ஒட்டிய காரில் ஓரங்களை நோக்கித் துடைக்காமல், ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் துடையுங்கள். துணி மாட்டினால் ஃபிலிம் தூக்கும்.

பெயின்ட் வேலைக்குப் போகப்போகும் கார் என்றால் சிலிக்கான் உள்ள எதுவும் வேண்டாம். புது பெயின்ட்டில் குழி குழியாக மீன்கண் விழ அதுவே காரணம்.

ரின்ஸ்லெஸ் செய்யும் சரியான வரிசை என்ன?

முதலில் சக்கரம், அதற்கென்று தனித் துணி, தனி பிரஷ். ஓடி வந்த சூட்டோடு பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் படக்கூடாது, ஆறவிடுங்கள்.

பக்கெட்டில் 8 லிட்டர் தண்ணீர், 31 மில்லி லிக்விட். அதில் எட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போடுங்கள். பம்ப் ஸ்பிரேயரில் ஒன்றரை லிட்டர் கலவை தயாராக இருக்கட்டும். நிழலில் நிற்கும் காரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் நன்றாக நனையத் தெளித்து, ஒன்று அல்லது இரண்டு நிமிடம் விடுங்கள். அழுக்கு கரைந்து வழிவது கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு இந்த இரண்டு நிமிடத்தை விடுபவர்களின் காரில்தான் வட்டக் கோடுகள் அதிகம்.

ஊறிய துணியை லேசாகப் பிழிந்து நான்காக மடித்தால், திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். கூரையில் தொடங்கி கண்ணாடி, பானெட், கதவின் மேல்பகுதி, டிக்கி என்று இறங்குங்கள். துணியின் எடையே போதும், அழுத்த வேண்டாம். ஒரே திசையில் நேர்க்கோடாக இழுத்து, பேனலுக்கு ஒரு முகம் என்று மாற்றுங்கள். எட்டும் அழுக்கானதும் அந்தத் துணியைத் தனிப் பைக்குள் போடுங்கள். பக்கெட்டுக்குள் திரும்பப் போகவே கூடாது. இந்த ஒரு விதியைக் காத்தால் பக்கெட் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். கதவின் அடிப்பகுதியும் பம்பரின் கீழும் கடைசி. அந்தத் துணியை மேலே கொண்டுபோகாதீர்கள்.

ஒவ்வொரு பேனலையும் ஈரம் காய்வதற்குள் வேறு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடி, டோர் ஹேண்டில் இடுக்குகளில் தேங்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழியும். கிளம்பும் முன் ஒரு சுற்று பாருங்கள்.

என்ன மாதிரி துணி, எத்தனை வேண்டும்?

லிக்விடைவிடத் துணிக்கு அதிகம் செலவு செய்யுங்கள் என்பதே எங்கள் கருத்து. விலை உயர்ந்த லிக்விட் மோசமான துணியைக் காப்பாற்றாது. 40-க்கு 40 சென்டிமீட்டர், 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), ஓரத்தில் தையல் இல்லாதது. வாட்டர்லெஸ்ஸுக்கு ஹேட்ச்பேக் என்றால் எட்டு முதல் பத்து, எஸ்.யு.வி. என்றால் 12-க்குக் குறையக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு கார் பார்ப்பவர் ஐம்பது துணியாவது வைத்திருக்க வேண்டும். தரையில் விழுந்த துணி அன்றைக்குப் பெயின்ட்டுக்கு ஆகாது.

துவைப்பது தனியாக, லிக்விட் டிடர்ஜென்ட்டில். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் இழைகள் மூடிக்கொண்டு தண்ணீர் உறிஞ்சாது. பருத்தித் துணியோடு சேர்த்தால் பஞ்சு ஒட்டும். தூசி பறக்கும் மொட்டைமாடியில் காயப்போடாமல் வீட்டுக்குள் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். மஞ்சள் துணியும் நீளக் கைப்பிடி டஸ்டரும் வாடிக்கையாளரின் டிக்கியில் இருந்தால், அவற்றால் உலர்ந்த தூசியைத் தட்ட வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் அது தினமும் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

வெயிலில் நிற்கும் காரைக் கழுவலாமா?

புறங்கையை பானெட்டில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடிந்தால் கழுவலாம். கத்திரி வெயில் நாட்களில் காலை எட்டு மணிக்குள் திறந்தவெளி வேலைகளை முடித்து, பிறகு பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள அபார்ட்மென்ட்களுக்கு நகருங்கள். நிழலே இல்லையென்றால் ஒரு பேனலில் பாதியை மட்டும் நனைத்து முடியுங்கள்.

பறவை எச்சம், பூச்சி, தார்?

எச்சத்தைத் தேய்க்காதீர்கள், உள்ளே மணல் இருக்கும். 1:16 கலவையில் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, தூக்கி எடுங்கள். காய்ந்த பூச்சிக்கும் இதே வழி. தாரை முழுக் காரும் கழுவிய பின் தார் ரிமூவரால் எடுத்து, அந்த இடத்தை மறுபடி ரின்ஸ்லெஸ்ஸால் துடையுங்கள். தார் போக டீசல் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், தூசியைப் பிடித்து இழுக்கும்.

அயர்ன் ரிமூவர், காரமான வீல் கிளீனர் ஆகியவை கண்டிப்பாக அலச வேண்டியவை. அவற்றைப் பயன்படுத்தினால் அந்த இடத்தை மட்டும் அலச இரண்டு மூன்று லிட்டர் வெறும் தண்ணீரைப் பம்ப் ஸ்பிரேயரில் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு காருக்கு என்ன செலவாகும்?

லிட்டர் விலையைப் பார்க்காமல் ஒரு காருக்கு ஆகும் விலையைப் பாருங்கள். கான்சென்ட்ரேட் லிட்டர் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மில்லி 2 ரூபாய். பக்கெட்டுக்கு 31 மில்லி, ஊறவைக்கும் ஸ்பிரேக்கு 6 மில்லி. மொத்தம் 74 ரூபாய். அதே லிக்விடை வாட்டர்லெஸ்ஸாகக் கலந்து ஹேட்ச்பேக்குக்குக் கால் லிட்டர் தெளித்தால் 15 மில்லி, 30 ரூபாய். அரை லிட்டர் 450 ரூபாய்க்கு விற்கும் ரெடிமேட் ஸ்பிரேயில் கால் லிட்டர் என்றால் 225 ரூபாய். விலை குறைந்ததாகத் தோன்றிய பாட்டில்தான் காருக்கு ரின்ஸ்லெஸ்ஸைவிட மூன்று மடங்கும், கலந்த வாட்டர்லெஸ்ஸைவிட ஏழு மடங்குக்கு மேலும் வாங்குகிறது. துணி துவைக்கும் செலவையும் கேன் தண்ணீரையும் இதோடு சேர்த்தே கட்டணம் சொல்லுங்கள்.

கலந்துவைத்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பக்கெட் கலவை அன்றைக்கே தீர வேண்டும். ஸ்பிரே பாட்டிலில் கலந்ததை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். வாடை மாறினாலோ இழை போல மிதந்தாலோ கொட்டிவிட்டு பாட்டிலைக் கழுவுங்கள். கான்சென்ட்ரேட் கேனை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள். எல்லா பாட்டில்களிலும் பெயர், அளவு, கலந்த தேதி எழுதுங்கள். 1:16 பாட்டிலும் 1:256 பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் கார் கழுவவே கூடாது என்கிறது. என்ன சொல்வது?

அவர்கள் பயப்படுவது தண்ணீர் வீணாவதற்கும் தரை நனைவதற்கும். அரை அங்குல ஹோஸ் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் ஊற்றும்; பத்து நிமிடத்தில் நூறு லிட்டர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை அங்கே குடியிருப்பவர்கள் மறக்கவில்லை. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். பக்கெட்டும் தண்ணீரும் நீங்களே கொண்டுவருவீர்கள், குழாயைத் திறக்கமாட்டீர்கள், காருக்கு அடியில் விரிப்பு போடுவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். செயலாளரின் காரையே ஒருமுறை அவர் கண்முன் கழுவிக் காட்டுங்கள். மீந்த அழுக்குத் தண்ணீரைச் செடிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ ஊற்றாமல், கழிவுநீர்க் குழாய் இணைப்பு உள்ள இடத்தில் கொட்டுங்கள்; சக்கரத்திலிருந்து வந்த பிரேக் தூசியும் கிரீஸும் அதில் இருக்கும்.